துண்டு போட்ட சீட்டு

அந்த சீட்டு காலியாத்தான் கெடக்கு, பாத்தேன்க்கா. துண்டு போட்டிருக்குல்ல? பக்கத்துல சன்னலோரம் இருக்காரே, அவரு எங்க வீட்டுக்காரருதான். செபாஸ்டின். நான் இங்ஙனயே ஒண்டிக்கிறேன், செத்த தள்ளிக்கங்க. பெருமாள்மலை ஸ்டாப்பு வந்துருச்சா? இன்னும் இல்லையா? சரி.

சண்டையெல்லாம் இல்லக்கா. மதுரைக்கு ஆசுபத்திரிக்குப் போறோம். வெள்ளனே எந்திரிச்சு நான்தான் சட்டைக்குப் பட்டன் போட்டுவிட்டேன். அவருக்குக் கொடைக்கானல்ல ஒரு லாட்ஜுல வாட்ச்மேன் சோலி. போன கிறிஸ்மஸ் சமயம் குளிர் தாங்காம, கதவச் சாத்திக்கிட்டு, கரி மூட்டுன சட்டியப் பக்கத்துல வச்சுப் படுத்துட்டாரு. பொகையில்லையே, வெறுங் கங்குதானேன்னு நெனச்சிருக்காரு. எங்க பக்கம் எல்லாரும் அப்பிடித்தான் நெனைப்போம். அந்தக் கங்குலதான் விஷவாயு இருந்திருக்கு. உசுரு தப்பிச்சிருச்சு. மூளைக்குத்தான் ஆக்சிஜன் பத்தாமப் போச்சு.

டாக்டரம்மா கம்ப்யூட்டர்ல படம் போட்டுக் காமிச்சாங்க. நரம்பு செல்லுக்குக் கெளை இருக்குமாம்க்கா, நம்ம பேரி மரமாட்டம். கெளை நெடுக மொட்டு. அந்த மொட்டு வழியாத்தான் ஒரு செல்லு அடுத்த செல்லோட பேசிக்குமாம். ஆக்சிஜன் நின்னா செல்லு வீங்கி, கெளையெல்லாம் பாசிமணி கோத்தாப்ல முண்டுமுண்டாயி, மொட்டு இல்லாமப் போயிருமாம். வெரசா காத்துக் கெடச்சா சிலது திரும்பத் துளிர்க்குமாம். செல்லே செத்துச்சுன்னா அம்புட்டுத்தான். நான் எந்தக் கெளையில இருந்தேன் டாக்டர்னு கேட்டுப்புட்டேன். கூறுகெட்ட கேள்விதான்.

மத்தபடி சரியாத்தான் இருக்காரு. நடக்காரு, சாப்புடுதாரு, ஜெபம் ஒரு வரி தப்பாமச் சொல்லுதாரு. அருவி தாண்டிட்டமா? அய்யோ, அப்ப பெருமாள்மலை வரப்போகுது.

அந்தத் துண்டா? பொண்டாட்டிக்கு எடம் போட்டு வச்சிருக்காரு. ஏறுனதும் நான் பக்கத்துல உக்காரத்தான் போனேன். சிஸ்டர், தப்பா நெனைக்காதீங்க, எங்க இசபெல்லா வருவா, வேற சீட்டுப் பாருங்கன்னாரு. அம்புட்டு மரியாதையா. என்னைய ஆசுபத்திரி நர்சுன்னு நெனைக்காரு. ஒவ்வொரு ஸ்டாப்புலயும் முன்வாசலையே பாத்துக்கிட்டு வர்றாரு.

ஆமாக்கா, இசபெல்லா நான்தான்.

பஸ்ஸு நிக்குது. தலை கலைஞ்சிருக்கா? பூவு சரியா இருக்கா? இந்தப் பைய மட்டும் பாத்துக்கங்க. பின்னால எறங்கி முன்வாசல் வழியா ஏறப்போறேன், இப்பத்தான் வந்து சேர்ற மாதிரி.