ஈரத்துண்டு

— உங்க படக்கதையில மூணே மூணு கட்டம்தான் சூயோல். அரிசி கழுவுற அந்த மூணு கட்டத்தை மட்டும் இணையதளத்துலருந்து எடுத்துட்டு, கதாநாயகன் பெக்சான் கையில வாளைக் குடுத்து வரைஞ்சு போட்டுடுங்க. முடிஞ்சுது.

— அந்த மூணு கட்டத்துக்காகத்தான் மேடம் எண்பத்தொம்பது அத்தியாயம் வரைஞ்சேன்.

— எனக்குத் தெரியாதா? உங்க எடிட்டர் நான். ஆனா ஜன்னல் வழியா கீழ பாருங்க. மூணு நாளா அந்த லாரி நம்ம ஆபீஸ் வாசல்ல நிக்குது. நீங்க வீட்டுல உக்காந்து வரையறவரு, இன்னிக்குத்தான் வந்தீங்க. நாங்க மூணு நாளா அதைத் தாண்டித்தான் உள்ள வர்றோம். அது மேல இருக்க பெரிய திரையில ஓடுறதைப் படிங்க.

— படிச்சேன். 'பெக்சானை ஆம்பளையாக்கு. கண்ணீர் போதும், வாளைத் தூக்கு.'

— ரசிகருங்க ஒண்ணுசேர்ந்து வாடகைக்குப் பிடிச்சு நிறுத்தியிருக்காங்க. எதிர்த்த காபிக் கடையில இருக்கவன்லாம் போட்டோ எடுக்குறான்.

— பெக்சானுக்கு என்ன பேர் வெச்சிருக்காங்க தெரியுமா? ஈரத்துண்டு. கூட வளர்ந்தவன் செத்துட்டான். படைத்தலைவன் அழுதா மத்தவங்க ஆடிப்போயிடுவாங்க. அதனால ஓடைக்குப் போயி, தண்ணி சத்தத்துல, நாப்பது பேருக்கு அரிசி கழுவிக்கிட்டே அழறான். அழுது முடிச்சுட்டு வந்து சோறாக்கிப் போடுறான். இதுல ஈரத்துண்டு எங்க இருக்கு?

— என்கிட்ட கோவப்பட்டு என்ன செய்ய? 'யூன்பிங்கற பொம்பளைக்கு ஆம்பளையப் பத்தி என்ன தெரியும்'னு ஒருத்தன் எழுதியிருக்கான். அதுக்குப் பதினெட்டாயிரம் பேர் லைக் போட்டிருக்காங்க.

— யூன்பிங்கற அந்தப் பொம்பளை எல்லையில ரெண்டு குளிர்காலம் பதுங்குகுழி தோண்டின ஆளுன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?

— புனைபெயரா பொம்பளைப் பேரை வெச்சுக்கிட்டது நீங்கதானே.

— எங்கப்பாவுக்குத் தெரியக் கூடாதுன்னு வெச்சேன். பாடப்புத்தகத்துக்குத் தவளை, எலும்புக்கூடு எல்லாம் வரையறேன்னுதான் அவர்கிட்ட சொல்லியிருக்கேன்.

— திட்டுவாரா?

— மரைன் பட்டாளத்துல இருந்தவர் மேடம். அவர் அழுது நான் பார்த்ததே இல்ல. எனக்கு ஒம்பது வயசுல அம்மா போனாங்க, அன்னிக்குக்கூடப் பார்க்கல. இந்தக் கதை அவர் கண்ணுல படவே கூடாது.

— சரி, பாருங்க சூயோல். மேலிடத்துல முடிவு பண்ணிட்டாங்க. அஞ்சு மணிக்குள்ள மூணு கட்டமும் மாறணும். உங்க கைப்பட ஒரு மன்னிப்புக் கடிதமும் வேணும். இல்லைன்னா தொடர் இத்தோட நின்னுடும். பேப்பர் இந்தா இருக்கு, பேனாவும் இருக்கு.

— என்னன்னு எழுதணும்?

— 'வாசகர்களை ஏமாற்றமடையச் செய்ததற்கு வருந்துகிறேன்.' அவ்வளவுதான், ரெண்டு வரி. அதுக்கப்புறம் நீங்க நிம்மதியா வரையலாம்.

— குடுங்க, எழுதித் தொலைக்கிறேன்... இருங்க. அந்த லாரிக் கதவைப் பாருங்க. சிவப்பு ஸ்டிக்கர், மஞ்ச எழுத்து.

— ஆமா, ஏதோ பட்டாளத்து ஸ்டிக்கர். அதுக்கென்ன?

— அந்தப் பக்கத்துக் கண்ணாடி உடைஞ்சு, டேப் சுத்தியிருக்கு. அந்த டேப்பைச் சுத்தினதே நான்தான். மேடம், அது எங்கப்பா வண்டி.

— விளையாடாதீங்க!

— தேர்தல் வந்தா கட்சிக்காரங்களுக்கு ஓட்டுவாரு. மத்த நாள்ல யார் கூப்பிட்டாலும் போவாரு.

— அப்ப உடனே போன் போடுங்க. பின்பக்கத் தெருவுக்கு நகத்தச் சொல்லுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க, நானும் கேக்கணும்.

— ...அப்பா, நான்தான்.

— என்னடா, சாப்ட்டியா?

— சாப்ட்டேன். எங்க இருக்கீங்க?

— மாப்போவுல, ஒரு கட்டடத்து வாசல்ல. இந்தக் கூத்தைக் கேட்டியா? செல்போன்ல வர்ற படக்கதையில எவனோ ஒருத்தன் அழறானாம். அதுக்கு என்னை மூணு நாளா வெயில்ல காயப் போட்டிருக்கானுங்க.

— அவங்க சொல்றது சரிதானேப்பா? ஒரு படைத்தலைவன் அழலாமா?

— படைத்தலைவன்னு நான் சொல்லவே இல்லையேடா.

— அது... செய்தியில பாத்தேன்.

— ஓகோ. செய்தியில.

— நீங்க அதைப் படிச்சீங்களா?

— பின்ன, சும்மா உக்காந்து ஈ ஓட்டவா? கண்ணாடியை மாட்டிக்கிட்டு ஒண்ணுலருந்து எண்பத்தொம்பது வரைக்கும் படிச்சுட்டேன். அந்தப் பொண்ணுக்குக் குதிரைக் கால் வரைய வரல, கேட்டியா? நாய்க் கால் மாதிரி இருக்கு.

— நிஜமாவா? நாய்க் கால் மாதிரியா?

— உனக்கு ஏன்டா சுருக்குங்குது? ஆனா சோறாக்கத் தெரிஞ்ச பொண்ணு. மூணு தண்ணியில கழுவுறான், கையைப் பரப்பி வெச்சு அளவு பாக்குறான். புஸ்தகத்தைப் பாத்து வரைஞ்சா அது வராது.

— அப்பா, வண்டியைக் கொஞ்சம் பின்பக்கம்...

— நான் பேசிக்கிட்டிருக்கேன்ல. என்னை வாடகைக்குப் பிடிச்ச பசங்கள்ல ஒருத்தன் நேத்து வந்தான், திரை நல்லா தெரியுதான்னு பாக்க. இருவது வயசிருக்கும், மூஞ்சியில மீசையே முளைக்கல. 'அவன் அழுததுல உனக்கு என்னடா குறைஞ்சுபோச்சு?'ன்னு கேட்டேன். 'ஆம்பள அப்படி இருக்க மாட்டான் பெரியவரே'ன்னான். 'எத்தனை ஆம்பளையை நீ பாத்திருக்க? எத்தனை பேரைப் புதைச்சிருக்க? எத்தனை பேருக்கு வடிச்சுப் போட்டிருக்க?'ன்னு கேட்டேன். திரையைக்கூடப் பாக்காம போயிட்டான்.

— நீங்க அவங்க பக்கம்னு நினைச்சேன்.

— என் வண்டிதான்டா அவங்க பக்கம் நிக்குது. அதுவும் இந்நேரம் வரைக்கும்தான்.

— சூயோல்! திரையைப் பாருங்க, எழுத்து மாறுது!

— என்ன போட்டிருக்கு மேடம்? வெயில்ல எனக்குச் சரியாத் தெரியல.

— 'பெக்சான் அழட்டும். பிடிக்காதவன் கீழே வந்து என்னிடம் சொல்லட்டும். இப்படிக்கு, வண்டிக்காரன்.' ஐயோ, காபிக் கடைக்காரங்க எல்லாரும் வெளிய வந்துட்டாங்க. ஒருத்தன் கை தட்டுறான்.

— அப்பா! என்ன பண்றீங்க? உங்களை இனிமே ஒருத்தனும் கூப்பிட மாட்டான்.

— கூப்பிடாட்டி போறான். மரைன்ல கெடந்தவன்டா நான், மீசை முளைக்காத பசங்களுக்கா பயப்படுவேன்? ஆமா, பக்கத்துல யாரது, திரையைப் பாரு திரையைப் பாருன்னு கத்துறது?

— அவங்க... என் எடிட்டர்.

— வணக்கம் சொன்னேன்னு சொல்லு. ஒரு கோடுகூட மாத்தக் கூடாதுன்னும் சொல்லு. குதிரைக் காலை வேணா மாத்திக்கலாம்.

— மேடம், இந்தப் பேப்பரை நீங்களே வெச்சுக்குங்க. மன்னிப்பு எழுத மாட்டேன். அந்த மூணு கட்டமும் அப்படியே இருக்கும். தொடரை நிறுத்தணும்னா நிறுத்திக்கட்டும், நான் வேற எங்கயாவது போயி அவனை அழ வைக்கிறேன்.

— பேப்பரை ஏன் திருப்பித் தர்றீங்க? நீங்க இப்பச் சொன்னதை அதுலயே எழுதி, பொம்பளைப் பேரை விட்டுட்டு உங்க பேரைப் போட்டுக் கையெழுத்து வைங்க. மேலிடத்துக்கு நானே எடுத்துட்டுப் போறேன்.

— அப்பா, லைன்ல இருக்கீங்களா?

— இங்கதான்டா இருக்கேன்.

— நான்தான்னு எப்பத் தெரிஞ்சுது?

— முந்தாநாள், அவன் ஓடையில அரிசி கழுவுற இடத்துக்கு வந்ததும். உங்கம்மா போன அன்னிக்கு ராத்திரி, அரிசி கழுவுறப்ப, சமையக்கட்டுக் குழாயை முழுசாத் திறந்துதான்டா விட்டிருந்தேன்... நீ தூங்கிட்டேன்னுதான் இத்தனை வருஷமா நினைச்சுக்கிட்டிருந்தேன்.