கம்பிக்கு வெளியே ஒரு மடி

குட்டிக்குப் பால் கொடுக்கிறவர்கள் முதலில் உட்காரக் கற்றுக்கொள்ள வேண்டும், ஐயா. நின்றுகொண்டே புட்டியை நீட்டினால் குட்டி தலையை அண்ணாந்து தூக்கும், புரையேறும், மூக்கு வழியாகப் பால் வரும். சொன்னால் யார் கேட்கிறார்கள்? புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு எல்லாவற்றிலும் அவசரம். நான் குட்டி அறையில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டால் வானமே இடிந்து விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டேன்.

நீங்கள் அந்த ஒரு குட்டியைப் பற்றித்தானே கேட்கிறீர்கள். சொல்கிறேன். ஒளித்துவைக்க என்னிடம் ஒன்றுமில்லை. நடுவில் மட்டும் குறுக்கே பேசாதீர்கள், எனக்குச் சட்டென்று கோபம் வந்துவிடும்.

எங்கள் காப்பகத்தில் இருப்பவை வெண்புருவக் குரங்குகள். காட்டில் அநேகமாக அற்றுப்போய்விட்டன. கூண்டில் வைத்து இனத்தைப் பெருக்கி, என்றைக்காவது திரும்பக் காட்டில் விடுவதுதான் திட்டம். பெருக்குவது என்ன லேசான காரியமா? கூண்டில் ஈன்ற மந்திகள் சில வாரங்களில் குட்டியைத் தரையில் போட்டுவிட்டு ஒதுங்கிவிடும். அப்படிப் போட்ட குட்டிகளை எடுத்துப் புட்டிப்பாலில் வளர்ப்பது என் வேலை. இன்று அங்கே தாவித் திரிகிறவற்றில் ஏறக்குறைய எல்லாமே என் மடியில் வளர்ந்தவை. காப்பகத்தில் எனக்குக் குரங்கம்மா என்று பெயர். கிண்டலுக்கு வைத்ததுதான். நான் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டேன்.

நான் வளர்த்த ஆண் குரங்குகளில், கடுவன் என்போம், ஒருவனுக்கு மாப்பிள்ளை என்று பெயர். வளர்ந்து ஆளானதும் அவனை ஒரு மந்தியோடு கூண்டில் விட்டார்கள். பயல் அவளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கம்பியோரம் வந்து உட்கார்ந்து என் கைமுடியில் பேன் பார்த்தான். எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். புதிதாக வந்திருந்த மருத்துவர் மட்டும் சிரிக்கவில்லை. சின்னப் பெண், என் மகள் வயதுதான் இருக்கும்.

"இதுல சிரிக்க என்னக்கா இருக்கு? இவன் தன்னை மனுஷன்னு நினைச்சுட்டிருக்கான்" என்றாள். "உங்க கையில வளந்த மந்திங்கள்ல ஒண்ணாவது தன் குட்டியைத் தானே வளத்திருக்கா?"

இல்லை. ஒன்றுகூட இல்லை.

"குட்டியை எப்படி அணைக்கணும்னே அதுங்களுக்குத் தெரியலை. எங்க பாத்திருக்கு, கத்துக்கறதுக்கு?"

பெரிய கண்டுபிடிப்பு. அதுகளுக்குத் தெரியாவிட்டால் என்ன, நான் எதற்கு இருக்கிறேன் என்று கேட்க நினைத்தேன். மருத்துவராயிற்றே என்று புட்டி கழுவப் போய்விட்டேன்.

முறைச்சி என்ற மந்தி வந்தது அதற்குப் பிறகு. வேட்டைக்காரர்களின் வலையிலிருந்து மீட்டுக்கொண்டு வந்தார்கள், கூடவே ஒரு கிழட்டுக் கடுவனையும். யாரைக் கண்டாலும் முறைப்பாள். எங்களிடம் இருந்த மந்திகளில் காட்டில் தாயிடம் வளர்ந்தவள் அவள் ஒருத்திதான். கிழவனோடு சேர்ந்து சினையானாள். குட்டி பிறக்கும் முன்பே கிழவன் போய்ச் சேர்ந்துவிட்டான்.

மருத்துவர் எங்களையெல்லாம் கூட்டி வைத்துச் சொன்னாள். "இந்தக் குட்டி மேல யாரும் கை வைக்கக் கூடாது. முறைச்சியே வளக்கட்டும். மத்த மந்திங்க பக்கத்துக் கூண்டுல இருந்து பாத்துப் பழகட்டும். கிழவனும் போயிட்டான், காட்டுல வளந்த கடுவன் வேற கிடையாது, நமக்கு இருக்கறது இந்த ஒரு வாய்ப்புதான். இது மட்டும் நடந்துட்டா குட்டி அறையையே மூடிடலாம்."

மூடிடலாமாம். கடையடைப்பதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். என் முக்காலி, பால் சுடவைக்கும் அடுப்பு, கழுவிக் கவிழ்த்த புட்டிகள், குட்டிகள் கடித்துக் கடித்து நார் நாரான என் பழைய துண்டு. அதை விட்டால் எனக்குப் போக்கிடம் ஏது? வீட்டில் இருப்பது நானும் நாலு சுவரும். மகள் பிரசவமானபின் சில மாதம் என்னோடுதான் இருந்தாள். பேரன் அவளைவிட என்னிடம் ஒட்டிக்கொண்டான். அவள் அசந்து தூங்கும்போதெல்லாம் நான் புட்டிப்பால் கொடுத்துவந்தது ஒரு நாள் தெரிந்துபோயிற்று. வீட்டை இரண்டாக்கிவிட்டாள்.

"பால் வத்திப்போச்சேன்னு எத்தனை நாள் அழுதேன். பக்கத்துல உக்காந்து கண்ணைத் துடைச்சுவிட்டியேம்மா" என்றாள்.

துடைத்துவிட்டது ஒரு குற்றமா? பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனவள் போனவள்தான். நான் கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை.

ஆகவே, முறைச்சி விஷயத்தில் நான் புதிதாக எதுவும் செய்துவிடவில்லை, ஐயா. வழக்கமாகச் செய்வதைத்தான் செய்தேன்.

மந்திகள் ஏன் குட்டியைக் கீழே போடுகின்றன என்று இத்தனை வருடத்தில் என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை. முதலில் ஒன்றிரண்டு தாமாகவே போட்டன, அது சத்தியம். பிறகு நான் கொஞ்சம் ஒத்தாசை செய்தேன். தாயைக் கம்பியோரம் வந்து நம்மைப் பார்த்து உட்காரப் பழக்க வேண்டும். ஒரு கையால் பழம் கொடுக்க வேண்டும். அவள் தின்கிற நேரத்தில், மார்பில் தொங்குகிற குட்டியின் வாயில் மறு கையால் மெல்லிய ரப்பர் குழாயை வைத்துப் பால் விட வேண்டும். என் பால் இனிப்பு. வயிறு நிறைந்த குட்டி தாயிடம் சப்பாது. தாய்க்குப் பால் கட்டிக்கொண்டு வலிக்கும், குட்டியைப் பிடித்துத் தள்ளுவாள். அப்புறம் பால் வற்றிவிடும். கம்பி வழியாக லேசாக இழுத்தால் போதும், விட்டுவிடுவாள். அடி கிடையாது, உதை கிடையாது. எந்தக் குட்டியும் என்னிடம் பட்டினி கிடந்ததில்லை.

முறைச்சி என்னைப் பக்கத்தில் சேர்க்கவே வெகு நாளாயிற்று. தினமும் போய்ச் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஒரு நாள் முறைப்பதை நிறுத்தினாள். அன்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. குட்டி பிறந்த பிறகும் என் ஒருத்தியைத்தான் அண்டவிட்டாள். மருத்துவர் அவளைக் கலவரப்படுத்தக் கூடாது என்று எட்டியே நின்றாள். "நீங்க பாத்துச் சொல்லுங்கக்கா, அது போதும்" என்றாள்.

மற்றவர்கள் மதியச் சாப்பாட்டுக்குப் போகிற நேரத்தில் நான் பழத்தோடும் குழாயோடும் போவேன். முறைச்சி கெட்டிக்காரி. சீக்கிரமே பழகிக்கொண்டாள். நான் கேட்காமலே குட்டியைத் தூக்கி, அதன் வாயைக் கம்பிக்கு நேராகப் பிடிப்பாள். நான் அவள் குட்டிக்கு ஏதோ நல்லது செய்கிறேன் என்பது அவளுக்குப் புரிந்திருந்தது. அவளுக்குப் பால் கட்டியது. பிறகு வற்றியது. மற்ற மந்திகளைப்போல அவள் குட்டியைத் தள்ளவில்லை. வலியோடு அணைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

நான் அங்கேதான் அவசரப்பட்டேன். மாத முடிவில் குட்டி அறையைக் காலி செய்வதாகப் பேச்சு. ஒரு மதியம் அவள் பழம் தின்னும்போது குட்டியின் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் விடவில்லை. நானும் விடவில்லை. வீறிட்டுக் கத்தி என் விரலைக் கடித்துவிட்டு, குட்டியோடு கூண்டின் மேல்பலகைக்கு ஏறிவிட்டாள். அதன் பிறகு இறங்கவில்லை. விரலில் கட்டுப் போட்டுக்கொண்டு, கதவில் நசுங்கியது என்றேன்.

மேலே பால் இல்லை. கீழே என்னிடம் இருந்தது. நடுவில் அந்தக் கம்பிதான்.

"பால் குடிக்குதாக்கா?" என்று மருத்துவர் கேட்டாள்.

"நல்லாக் குடிக்குது" என்றேன்.

மறுநாளும் கேட்டாள். மறுநாளும் அதையேதான் சொன்னேன். உண்மையைச் சொல்லியிருந்தால் ஒரு மயக்க ஊசியில் முடிகிற காரியம். குட்டியை எடுத்துப் புட்டியில் பிழைக்க வைத்திருக்கலாம், அதுவும் நானே. ஆனால் பால் எப்படி வற்றியது என்று கேட்பாள். என் மகள் பார்த்த மாதிரி என்னைப் பார்ப்பாள். இன்னொரு தடவை அந்தப் பார்வையை என்னால் தாங்கியிருக்க முடியாது, ஐயா. முறைச்சி இறங்கிவிடுவாள், பசி எடுத்தால் இறங்காமல் என்ன செய்வாள் என்று இருந்துவிட்டேன். ஆள் இல்லாதபோதெல்லாம் கூண்டடியில் நின்று கெஞ்சினேன். "குடுத்துடுடி. என் தங்கமில்ல. செத்துடும்டி, குடுத்துடு" என்று அவள் காலில் விழாத குறைதான். அவள் முன்போல என்னை முறைத்தாள். குட்டியின் சத்தம் பூனைக்குட்டிச் சத்தம்போல ஆயிற்று. பிறகு அதுவும் நின்றது.

செத்த குட்டியையும் அவள் கீழே போடவில்லை. தொங்குகிற கையைப் பார்த்த பிறகுதான் மருத்துவருக்கு விஷயம் தெரிந்தது. திடீரென்று ஏதோ நோய் என்று நினைத்துக்கொண்டாள். பெரிய அதிகாரிகூட வந்து நின்றார். ஆளாளுக்குக் கூப்பிட்டுப் பார்த்தார்கள், பழத்தைக் காட்டினார்கள், ஒன்றும் நடக்கவில்லை. சாப்பிடாமல் துவண்டுபோன இந்த நிலையில் மயக்க ஊசி போட்டால் தாயும் போய்விடுவாள் என்று மருத்துவர் அழுதாள். "அக்கா, நீங்க கூப்பிட்டாத்தான் வருவா. ஒரே ஒரு தடவை கூப்பிடுங்கக்கா."

கூப்பிட்டேன். இறங்கி வந்தாள். பழத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை. கம்பியோரம் உட்கார்ந்து, செத்த குட்டியைத் தூக்கி, அதன் வாயைக் கம்பிக்கு நேராகப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். கை தளர்ந்தபோது மறுபடி தூக்கிப் பிடித்தாள்.

மருத்துவர் அவளைப் பார்த்தாள், பிறகு கட்டுப் போட்ட என் விரலைப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற பெரிய அதிகாரியிடம் திரும்பினாள். அப்படித்தான் நான் இன்று விசாரணைக்கு உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.

எழுதிக்கொள்ளுங்கள். பாலை வற்றவைத்தது நான். தெரிந்தும் சொல்லாமல் இருந்தது நான். அந்தக் குட்டி செத்தது என்னால்தான். அந்த இனத்துக்கு அதுதான் கடைசி வாய்ப்பு என்று அவர்கள் சொல்வதும் உண்மையாகவே இருக்கட்டும், அதையும் என் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள். அத்தனை பேர் நின்ற இடத்தில், அவள் குட்டியைக் கொண்டுவந்து நீட்டியது என்னிடம்தான். நம்பாத ஒருத்தியிடம் எந்தத் தாயாவது பிள்ளையை நீட்டுவாளா, நீங்களே சொல்லுங்கள்.