உடம்புச் சூடு என்று சொல்லி மூடாதீர்கள்

தலைமை தாங்கும் மகளிர் மன்றத் தலைவி சாபிரா அம்மா அவர்களே! வரவேற்புரையும் வழங்கி, எனக்கு எச்சரிக்கையும் வழங்கி அமர்ந்திருக்கும் செயலாளர் லோகநாதன் அவர்களே! நாளை நம் திருவொற்றியூர்ப் பள்ளியில் பரிசோதனை முகாம் நடத்த வந்திருக்கும் மருத்துவர் மகிமா அவர்களே! தார்ப்பாயில் இடம்பிடித்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! டீக்கடை வாசலோடு நின்றுவிட்ட அண்ணன்மார்களே! துணி எடுக்கும் சாக்கில் மொட்டைமாடியிலிருந்து எட்டிப் பார்க்கும் மருமகள்மார்களே! சாத்தாங்காடு இரும்புச் சந்தையில் இட்லி விற்கும் செங்கொடியின் வணக்கம் உங்கள் அத்தனை பேருக்கும்!

மேடையேறும்போது செயலாளர் என்னிடம் ரகசியமாகச் சொன்னார், "அக்கா, நோவோட பேரை மட்டும் சொல்லாத. பொம்பளைங்க பிரச்சினைன்னு சொல்லிட்டு எறங்கிடு." போன வருடம் நோட்டீசிலும் அப்படித்தான் அடித்தார், 'மகளிர் நலத் திட்டம், அனைவரும் வருக' என்று. வந்தவர்கள் நாற்பது பேர். எதற்கு வந்தார்கள்? தையல் மிஷின் தருகிறார்கள் என்று வந்தார்கள்! மிஷின் இல்லை, சோதனைதான் என்று தெரிந்ததும் முப்பத்தாறு பேரைக் காணோம். சிரிக்கிறீர்களே தாயே, அந்த முப்பத்தாறில் நீங்களும் ஒருவர், நான்தான் பார்த்தேனே! ஆகவே செயலாளர் என்னை மன்னிக்க வேண்டும். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்! மாடிக்குக் கேட்டதா? கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்! ஐந்து வருடங்களுக்கு முன்பு, தொண்ணூற்றொன்பதில் எனக்கு வந்தது.

எதனால் வந்தது என்று அன்று எனக்குத் தெரியாது. எப்படி வளர்த்தேன் என்று மட்டும் நன்றாகத் தெரியும். மாதவிலக்கு நின்று இரண்டு வருடம் ஆன உடம்பில் திட்டுத் திட்டாக உதிரம் பட்டது. யாரிடம் கேட்டேன்? சந்தைப் பெண்களிடம் கேட்டேன். காலையில் அடுப்பு, பகலெல்லாம் காய்ந்த இரும்பு, சூடு ஏறாமல் என்ன செய்யும் என்றார்கள். வெந்தயம் விழுங்கினேன், விளக்கெண்ணெய் தேய்த்தேன், இளநீர் குடித்தேன். எட்டு மாதம்! சூடு சூடு என்று சொல்லிச் சொல்லியே நோய்க்குச் சோறு போட்டேன். என் மடத்தனம்தான். ஆனால் வெள்ளைப்பட்டாலும் சூடு, வலித்தாலும் சூடு, உதிரம் கொட்டினாலும் சூடு என்று சொல்லாத வீடு இந்தத் தெருவில் எது? இருந்தால் கை தூக்குங்கள் பார்க்கலாம். ஒரு கையும் காணோமே!

பெரிய ஆஸ்பத்திரியில் ஐந்து வாரம் கரண்ட் வைத்தார்கள், கதிர்வீச்சைத்தான் நாம் அப்படிச் சொல்கிறோம். பிறகு உள்ளே கருவி வைத்தும் கொடுத்தார்கள். கூசினேன், அழுதேன், அசையாமல் கிடந்தேன். முடிந்தது என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். முடிந்ததா? வயிறு என் சொல்லைக் கேட்கவில்லை. இறங்கும் இடத்தில் கழிப்பறை உண்டா என்று விசாரித்துக்கொண்டுதான் இன்றைக்கும் பஸ் ஏறுகிறேன். கணவன் மனைவியாக வாழ்வதும் வலித்தது, சொல்வதில் என்ன வெட்கம்? என் வீட்டுக்காரர் ஜெயவேலுக்கு இன்னொரு கல்யாணம் செய்துவைக்க உறவுக்காரர்கள் கிளம்பி வந்தார்கள். "எனக்குப் பொண்டாட்டி கீறா. நீங்க கெளம்புங்க" என்றார் அவர். அந்த மனிதர்தான் அதோ, டீக்கடை வாசலில் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறார்.

நோயைத் தாங்கினேன். ஊரைத் தாங்குவதுதான் பெரும்பாடாக இருந்தது. மாத்தூரில் என் மகள் மகிழினிக்கு வளைகாப்பு. பெற்றவள் நான், வளையலைக் கையில் எடுத்துவிட்டேன். சம்பந்தி பூவம்மா குறுக்கே வந்து தடுத்தார். கரண்ட் வைத்த உடம்பாம், கருகிப்போன வயிறாம், தொட்டால் பிள்ளைக்கு ஆகாதாம். அத்தனை பெண்கள் இருந்த சபையில் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. மகள் அழுதாள். நான் பந்தலுக்கு வெளியே போய் நின்றேன். அன்று வந்த ஆத்திரம் இன்றும் போகவில்லை. போகவும் வேண்டாம்! பிறந்த பேத்திக்கு இப்போது மூன்று வயது. என் இடுப்பைவிட்டு இறங்க மாட்டேன் என்கிறாள். என்ன ஆகிவிட்டது அவளுக்கு?

முந்தாநாள் அதே பூவம்மா என் கடைக்கு வந்தார். கூட்டம் கலையும்வரை ஓரமாக நின்றார். "சம்பந்தி, மூணு வாரமா எனக்கும் படுது. சூடுன்னு இருந்துட்டேன்" என்றார். அவரைக் கேட்பதற்காக மூன்று வருடமாக எத்தனை கேள்வி சேர்த்துவைத்திருந்தேன்! ஒன்றும் கேட்கவில்லை. முகாமுக்கு வாருங்கள் என்றேன். யாருக்கும் தெரியாமல் வருகிறேன் என்று போனார். இன்று மதியம் மறுபடி வந்து நின்றார்.

"உன்னைப் பத்தி ஊரைப் பேச வெச்சவ நானு. மேடையில என் பேரைச் சொல்லு. என்னையும் பேசட்டும்."

அம்மா, அக்கா, தங்கைகளே! நாளைய சோதனையில் என்ன தெரியவரும் என்று மருத்துவருக்கும் இன்று தெரியாது. பூவம்மாவுக்குப் பயமாக இருக்கிறது. எனக்கும்தான். பயந்தால் வீட்டில்தான் கிடக்க வேண்டுமா? பயந்துகொண்டே வரிசையில் நிற்கக் கூடாதா? எனக்குப் போன எட்டு மாதம் உங்களுக்கும் போக வேண்டுமா? நாளைக் காலை எட்டு மணி, பள்ளிக்கூட வாசல். முதல் ஆள் என் சம்பந்தி, பக்கத்தில் நான். அண்ணன்மார்களே, நாளை ஒரு வேளை அடுப்பை நீங்கள் பாருங்கள், ஒன்றும் குறைந்துபோகாது!

மூன்றாம் வரிசையில் பச்சைச் சேலை கட்டியிருப்பவர்தான் பூவம்மா. எழுந்து நில்லுங்கள் சம்பந்தி! நின்றுவிட்டார், எல்லோரும் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். அவருக்குப் பின்னால் நிற்கப்போவது யார்? அதோ ஒருவர். சுவரோரம் இன்னொருவர். மாடியிலிருந்தும் ஒரு மருமகள் இறங்கி வருகிறாள்! உட்காராதீர்கள் தாயே, அப்படியே மேடைப் பக்கம் வாருங்கள், மருத்துவர் பெயர் எழுதிக்கொள்வார். முகம் சுளிக்காமல் கேட்ட காதுகளுக்கு என் நன்றி. எழுந்து நிற்கும் கால்களுக்கு என் வணக்கம்!