நான்காம் வரிசையைக் கொடுக்காதீர்கள்!

தலைமை ஏற்றிருக்கும் சங்கத் தலைவர் தோன் எவாரிஸ்தோ அவர்களே! விடியுமுன் மூட்டை இறக்கிவிட்டுச் சிவந்த கண்களோடு வந்து அமர்ந்திருக்கும் பெரியவர்களே! முதுகில் பிள்ளையும் மடியில் கூடையுமாக நிற்கும் தாய்மார்களே! முன்வரிசையில் பளபளக்கும் காலணியோடு வீற்றிருக்கும், செல்போன் செய்யும் பிரிசாந்தா நிறுவனத்துத் தம்பி அவர்களே! உவான்காயோ சந்தையின் உயிரே, உரமே, என் உறவே! கிழங்கு விற்கும் பவுலினாவின் வணக்கம்.

இரண்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். அறுவடை நாளில் என் கணவர் ஃபிதென்சியோவை மண்ணுக்குக் கொடுத்தவள். அழவா மேடை ஏறினேன்? இல்லை! ஒன்றைக் கொண்டாட வந்தேன், ஒன்றைத் தடுக்க வந்தேன்.

இன்று நாம் கை தூக்கி முடிவு செய்ய வேண்டியது என்ன? செல்போன் பழுதுபார்க்கும் நான்காம் வரிசைக் கடைகளைக் காலி செய்து பிரிசாந்தாவின் காட்சிக்கூடத்துக்குக் கொடுப்பதா, கூடாதா? கொடுத்தால் சந்தை முழுவதற்கும் புதுக்கூரை போட்டுத் தருகிறார்களாம். ஒரே நிபந்தனை, சந்தைக்குள் இனி யாரும் செல்போனைத் திறந்து பழுது பார்க்கக் கூடாதாம்.

யாரது பின்னாலே, "கூரை வேணும்"னு கத்துவது? எனக்கும் வேண்டுமப்பா! மழை வந்தால் முதலில் நனைவது என் கிழங்குதான். கொஞ்சம் பொறு.

நான் செல்போனுக்கு எதிரியா? ஐயோ, அதைப் படைத்த கைக்கு முத்தம் கொடுப்பேன்! எழுதத் தெரியாதவளுக்கு எழுத்துக்குப் பதிலாகக் குரலைக் கொடுத்தார்களே! என் கணவர் மலைக்கு அப்பால் லாரி ஓட்டினார், நான் இங்கே கடை போட்டேன். பொத்தானை அழுத்திப் பேசி அனுப்பினால் என் திட்டு பனிமலையைத் தாண்டிப் போகும், அவர் திட்டு அதே சூட்டோடு திரும்பி வரும்! எந்தத் தபால்காரன் சண்டையை இப்படி ஆறாமல் சுமந்தான்? சிரிக்காதீர்கள் தாய்மார்களே, உங்கள் வீட்டுச் சேதியும் எனக்குத் தெரியும்.

ஆனால் அந்தக் கம்பெனிகளின் போக்கைப் பாருங்கள். ஆண்டுக்கு ஆண்டு செல்போனுக்குக் கண்ணைக் கூட்டுகிறார்கள். மூன்று கேமரா, நான்கு கேமரா! திறந்து பார்க்க ஒரே ஒரு திருகாணி வையுங்கள் என்றால் தங்கள் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். விற்றபின் அது என் பொருளா, உன் பொருளா? சொல்லுங்கள், யார் பொருள்?

நடந்ததைச் சொல்கிறேன். என் கணவர் இறந்த ஐந்தாம் நாள், நம் வழக்கப்படி அவருடைய துணிகளையெல்லாம் ஆற்றுக்கு எடுத்துப் போனார்கள் உறவுக்காரர்கள். துக்கக்காரி துவைக்கக் கூடாதே, நான் கரையில் உட்கார்ந்திருந்தேன். அவருடைய தோல் சட்டையைக் கல்லில் போட்டு என் ஓரகத்தி தியோனீசியா அடித்தாள் பாருங்கள் ஓர் அடி! உள்பையிலிருந்து ஏதோ மின்னிக்கொண்டு துள்ளித் தண்ணீரில் விழுந்தது.

"மீனு! மீனு! பிடிங்கடி!"

"மீன் இல்லடி, பாவி! அது மச்சானோட போனு!"

என் போன் முன்பே தொலைந்து போயிருந்தது, அவர் எனக்கு அனுப்பிய குரலெல்லாம் அதற்குள்தான் மிச்சம் இருந்தது. அரிசிக்குள் புதைத்தால் ஈரம் இழுக்கும் என்றார்கள். வீட்டில் அரிசி ஏது? கினோவா இருந்தது, அதற்குள் புதைத்தேன். அத்தனை பொடித் தானியமும் சார்ஜர் துளைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

பெருந்தெருவில் இருக்கும் பிரிசாந்தா கடைக்கு ஓடினேன். கண்ணாடிச் சுவர், குளிர்ந்த காற்று, கனிவான பெண்.

"இந்த மாடல் இப்ப வர்றதில்லம்மா. புதுசா ஒண்ணு எடுத்துக்கோங்களேன்."

"புதுசுல என் புருஷன் பேசுவாரா?"

"பழுதுக்குக் குடுக்கணும்னா போனுக்குச் சொந்தக்காரர் நேர்ல வரணும்மா. அதான் விதி."

"வரச் சொல்றேன் கண்ணு. செத்தவங்க வீடு திரும்புற நவம்பர் ஒண்ணாம் தேதி மத்தியானம் எல்லா ஆத்மாவோடயும் சேர்ந்து வருவாரு. அன்னைக்குக் கடை தொறந்திருக்குமா?"

அந்தப் பெண் என்ன செய்வாள்? முகம் வாடிப்போனாள். விதியை எழுதியவன் வேறு எங்கோ இருக்கிறான்.

பிறகு எங்கே போனேன்? நான்காம் வரிசைக்கு! செல்போன் பழுது பார்க்கும் நம் சோராய்தாவிடம்! அவள் வாய் உங்களுக்குத் தெரியும்.

"ஏக்கா, இது போனா, சூப்புச் சட்டியா? கினோவா போட்டுட்ட, கிழங்கு எங்க?"

திட்டிக்கொண்டே ஊசியால் ஒவ்வொரு மணியாக எடுத்தாள். முதல் முயற்சி தோற்றது, இரண்டாவதில் புகை வந்தது, அவளே பயந்து சிலுவை போட்டுக்கொண்டாள். கடைசியில், செத்துப்போன வேறொரு செல்போனின் திரையையும் பேட்டரியையும் கழற்றி இதில் பொருத்தினாள். வெளிச்சம் வந்தது! கூடவே ஓர் எச்சரிக்கையும் வந்தது.

"'அந்நியப் பாகம் பொருத்தப்பட்டுள்ளது'ன்னு மிரட்டுதுக்கா."

"என் தங்கப் பல்லுகூட அந்நியப் பாகம்தான்டி. அதுக்காக நான் வாயத் தொறக்காம இருக்கனா?"

விரலால் மலைபோல் கோடு இழுத்து அவர் அதைத் திறப்பதைத் தினமும் பார்த்தவள் நான். இழுத்தேன். திறந்தது! மூன்றாம் வரிசைக் கோழிக்காரிகள்கூடக் கத்தியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். பொத்தானை அழுத்தினேன். வந்ததய்யா என் ஃபிதென்சியோவின் குரல்!

"அடியே பவுலினா! சூப்புல உப்பே இல்லடி! போன எடுக்க மாட்டியா? கழுத, எடுடி! ...சரி சரி, ராத்திரி குளிரும், பெரிய கம்பளியப் போத்திக்க."

வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்து முடிக்குமுன் தரையில் உட்கார்ந்துவிட்டேன். சோராய்தா என் தலையை மடியில் வைத்துக்கொண்டாள்.

இனிக் கேளுங்கள்! அது பழைய போன், மிரட்டியதோடு விட்டது. இந்த ஆண்டு வந்திருக்கும் பிரிசாந்தாவில் திரையை மாற்றினால் போனே இருண்டு போகிறது என்கிறாள் சோராய்தா. போனைப் பூட்டினார்கள், இப்போது அதைத் திறக்கும் கைகளையும் பூட்டக் கூரையோடு வருகிறார்கள்! விடலாமா? விடலாமா? கூரையை நகராட்சியிடம் கேட்போம், வாசலில் உட்கார்ந்து கேட்போம், கிழங்கு மூட்டையோடு போய்க் கேட்போம்! கையை விற்றுக் கூரை வாங்க மாட்டோம்!

முன்வரிசைத் தம்பி, உங்கள்மேல் எனக்குக் கோபமில்லை. இன்னும் நல்ல போனாகச் செய்யுங்கள், ஓடி வந்து வாங்குகிறோம். ஆனால் திருகாணி வைத்துச் செய்யுங்கள்.

கொடுக்க மாட்டோம் என்பவர்கள் கை தூக்குங்கள்! இதோ, முதல் கை என்னுடையது. என் கணவருக்காகத் தூக்கவில்லை, அவர் சொன்னதை நான் கேட்டுவிட்டேன். இன்னும் உயிரோடு இருந்து, இன்றைக்கும் வீட்டுக்குக் குரல் அனுப்பிக்கொண்டிருக்கும் உங்களுக்காகத் தூக்குகிறேன்!

தூக்குங்கள்! அதோ, கூரை கேட்ட கையும் எழுகிறது!

எழுத்தறியாதவளுக்கு இடமும் ஒலிபெருக்கியும் தந்த தலைவருக்கு நன்றி. கை வலிக்க வலிக்க இறக்காமல் வைத்திருக்கும் என் சந்தைக்கு நன்றி. எண்ணி முடிக்கும்வரை அப்படியே நில்லுங்கள். வணக்கம்!