வாளி அண்ணனுக்கு வராத முறை

தலைமை ஏற்றிருக்கும் நலச்சங்கத் தலைவர் அவர்களுக்கும், செயலாளருக்கும், மூன்று வழிபாட்டுக் குழுப் பொறுப்பாளர்களுக்கும், முன்வரிசையில் இருக்கும் வாளி அண்ணன் வீட்டு அண்ணிக்கும், வேலை உடையோடு வந்து நிற்கும் மருத்துவமனைத் தோழர்களுக்கும் வணக்கம்.

சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது. நடந்த தவறை முதலில் சொல்லிவிடுகிறேன். வாளி அண்ணன் முப்பத்தோரு வருடம் திறந்து வைத்திருந்த கதவை, அவர் மனைவி ஆபரேஷன் மேஜையில் கிடந்த அன்று, அவர் முகத்துக்கு நேரே பூட்டி வைத்தோம். பூட்டியவர்கள் இந்த மேடையில் இருக்கிறார்கள். சாவி கொடுத்தவன் நான்.

நான் பள்ளிக்கூடம் பார்த்தவன் இல்லை. சலவைப் பிரிவில் பாய்லர் பார்த்தவன். பொட்டலம் கட்டி வந்த காகிதத்தில் எழுத்துக் கூட்டிப் படித்தவன். ஒரு சொல்லைப் பிடித்தால் லேசில் விடமாட்டேன். இன்று நான் பிடித்திருக்கும் சொல் 'முறை'.

வாளி அண்ணன் துப்புரவுப் பணியாளர். என்னைவிட நாலு வயது இளையவர். ஆனாலும் அண்ணன். பெரிய டாக்டருக்கும் அவர் அண்ணன்தான். நாலாம் மாடியில் ஆபரேஷன் தியேட்டருக்கு எதிரே போர்வை அடுக்கும் அறை ஒன்று காலியானபோது, கேட்டு வாங்கிப் பிரார்த்தனை அறை ஆக்கினார். ஒரு ஜன்னல், ஒரு பெஞ்சு, வெறும் சுவர். கொண்டு வருவதைத் திரும்ப எடுத்துப் போக வேண்டும், அவ்வளவுதான் சட்டம். ஒருவர் மெழுகு சிந்துவார், ஒருவர் ஈரக்காலோடு வருவார், ஒருவர் பூ உதிர்ப்பார். ஒருவர் போய் அடுத்தவர் வருமுன் அண்ணன் வாளியோடு உள்ளே போய்த் துடைத்துவிட்டு வருவார்.

யார் முதலில் போவது? அதற்கு அவர் ஒரே கேள்விதான் கேட்பார்.

ஒரு நாள் கதவருகே இரண்டு பேர் மல்லுக்கு நின்றார்கள். "நான்தான் முதல்ல வந்தேன், இது எங்க பிரார்த்தனை நேரம்" என்றார் ஒருவர்.

"சரிங்க. உள்ள யாரு உங்களுக்கு?"

"மச்சான். ஹெர்னியா."

"உங்களுக்கு?"

"பொண்ணு. ரெண்டு வயசு."

மச்சான்காரர் ஒரு அடி பின்னால் வந்தார். "நீங்க போங்க. என் மச்சான் காத்திருப்பான். கல்யாணத்துக்கே நாப்பது வயசு வரைக்கும் காத்திருந்தவன்" என்றார். ஆபரேஷன் வாசலில் நான் சிரிப்பு கேட்டது அன்றுதான். அந்த மச்சான்காரர் பிறகு இங்கேயே வேலைக்கு வந்தார். அறைச் சாவி வைத்திருக்கும் மூவரில் ஒருவராக இப்போது மேடையில் உட்கார்ந்திருக்கிறார். தலையைக் குனிய வேண்டாம், ஐயா. நிமிர்ந்தே கேளுங்கள்.

அண்ணன் எந்த மதம் என்று உங்களுக்குத் தெரியும். தன் பிரார்த்தனையை அவர் ஒரு நாள் விட்டதில்லை; அதற்காகவே வேலைக்கு அரை மணி முன்னதாக வருவார். "எல்லாருக்கும் கதவு திறக்கிறவனுக்குச் சொந்த சாமி மேல பக்தி கம்மி" என்று அவர் முதுகுக்குப் பின்னால் சொன்னீர்கள். அடுத்தவனுக்குக் கதவு திறந்தால் குறைந்துபோகிற பக்தியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இரண்டு வருடத்துக்கு முன் யாரோ விட்டுப்போன நாலு பூவுக்காகப் பேச்சு வளர்ந்தது. அண்ணனிடம் சொல்லியிருந்தால் ஒரு நிமிடத்தில் துடைத்திருப்பார். நீங்கள் கமிட்டி போட்டீர்கள். மூன்று குழுவும் சண்டையில்லாமல் ஒத்துப்போன ஒரே விஷயம், அறையை நேரம் போட்டுப் பிரிப்பது. அதற்கு 'நல்லிணக்க முறைப்பட்டியல்' என்று பெயர் வைத்துக் கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொண்டீர்கள். பழைய பூட்டுக்கு இரண்டு சாவி, ஒன்று அவரிடம், ஒன்று என்னிடம். "எண்ணெய் போடணும், சாவியைக் குடுங்க பெரியவரே" என்றார் செயலாளர். கொடுத்தேன். மறுநாள் புதுப் பூட்டு தொங்கியது; அதன் சாவி பொறுப்பாளர்கள் மூவரிடம் மட்டும்.

போன வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. அண்ணியை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். அறை காலி, பூட்டு மட்டும் இருந்தது. அண்ணன் போன் போட்டபோது நான் பக்கத்தில் நின்றேன்.

"தம்பி, பத்து நிமிஷம் திறந்து விடுறீங்களா? உள்ள என் வீட்டுக்காரி."

"அண்ணே, இப்ப உங்க முறை இல்லையே. பன்னெண்டுக்குத்தான் உங்க ஆளுங்க."

"அறையில யாரும் இல்லப்பா."

"இல்லன்னாலும் முறைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

பேசியவர் மச்சான்காரர். அடுத்தது அண்ணனின் சொந்தக் குழுப் பொறுப்பாளர். "நான் திறந்தா மத்த ரெண்டு பேரும் என்னைப் பிடிச்சுக்குவாங்க. நம்ம ஒத்துமை கெட்டுடும், அண்ணே." மூன்றாமவர் போனை எடுக்கவே இல்லை.

"உடைச்சிடவா?" என்றேன்.

"வேணாம். இன்னைக்கு நாம உடைச்சா நாளைக்கு யாரு வேணா உடைப்பாங்க" என்றார். வராந்தாவில் ஒரு ஆள் நிற்கும் அளவுக்குத் தரையைத் துடைத்து, கண்ணை மூடினார். காவலாளி வந்தார். "அண்ணே, ஸ்ட்ரெச்சர் வர்ற வழி, நகருங்க." நகர்ந்தார். முப்பத்தோரு வருடத்தில் அவர் பிரார்த்தனை பாதியில் நின்றது அந்த ஒரு தடவைதான்.

அண்ணி பிழைத்துவிட்டார். அதனால் நாம் செய்தது சரியாகிவிடுமா? அன்றிலிருந்து அண்ணன் அந்தக் கதவின் வெளிப்படி வரைக்கும் துடைத்தார். உள்ளே துடைக்க அவருக்கு முறை இல்லை. போன வாரம் கண்ணை மூடிவிட்டார்.

இப்போது நிகழ்ச்சி நிரலில் என்ன போட்டிருக்கிறீர்கள்? அந்த அறைக்கு அவர் பெயராம். பித்தளைப் பலகையாம். பூட்டின கதவின் மேல் அவர் பெயரா? முறை தெரிந்தவர்கள் செய்கிற காரியமா இது?

அவர் பணியைத் தொடர்வோம் என்று எனக்கு முன் பேசிய நால்வரும் உறுதி சொன்னார்கள். எப்படித் தொடர்வது என்று நான் சொல்கிறேன். தலைவர் பித்தளைப் பலகையைத் திருப்பி அனுப்ப வேண்டும். செயலாளர் முறைப்பட்டியலைத் தன் கையால் கிழிக்க வேண்டும். அதைக் கதவில் ஒட்டியது அவர் கை. பொறுப்பாளர்கள் மூவரும் சாவிகளை இந்த மேஜையில் வைக்க வேண்டும், மச்சான்காரர் முதலில். காவலாளித் தம்பி பூட்டைக் கழற்றிக் கொண்டுவந்து அண்ணியிடம் கொடுக்க வேண்டும். தியேட்டர் பலகையில் இன்று ஏழு பெயர் இருக்கிறது. அவர்களுடைய ஆட்கள் வராந்தாவில் நிற்கிறார்கள். கதவருகே யார் வந்தாலும் "உள்ள யாரு உங்களுக்கு?" என்று மட்டும் கேட்க வேண்டும், அது அந்த மாடி நர்ஸம்மாவின் பொறுப்பு.

தரையை நான் துடைக்கிறேன். அண்ணி வாளியை என்னிடம் கொடுத்துவிட்டார்.