பீச்சாங்கைத் துப்பாக்கி

துப்பாக்கிதாம்மா. இல்லன்னு யாரு சொன்னா? நீ பொடவையப் பிரிச்சி அந்தக் கரை மேல வெரல வச்சதுமே எனக்குத் தெரிஞ்சிப் போச்சி. "தில்லையம்மா, ஒண்ணு சொல்லணும்"னு நீ இழுக்கவே வேணாம் அலமு. தாமல்லேர்ந்து இந்த வெயில்ல பஸ்ஸேறி, பொண்ணு கல்யாணத்த வச்சிக்கினு, முகூர்த்தப் பொடவையத் திருப்பி எடுத்துக்கினு ஒருத்தி வரான்னா எதுக்கு வருவா? குசலம் விசாரிக்கவா? ஒக்காரு. மோரு குடி. நான் சொல்லி முடிச்சிடறேன், அப்பறம் நீ திட்டு.

மெல்லப் பேசும்மா. அவரு உள்ள தறியில இருக்கறாரு. எனக்கும் அவருக்கும் பேச்சே இல்ல. ஆடி பொறந்ததுலேர்ந்து இல்ல. ஆவணியும் வந்துட்டுது. எல்லாம் அந்த ருசியாக்காரன் படத்தால வந்த வென.

அதான், எங்க தறிக்காரங்க சங்கத்துல போட்டாங்களே. உமாபதின்னு ஒருத்தன், செவப்புத் துண்டு போட்டுக்கினு சுத்துவான். அவன் மெட்ராஸ்லேர்ந்து படம் காட்டற பொட்டி கொண்டாந்து, மைதானத்துல ரெண்டு கம்பம் நட்டு, நடுவுல வெள்ளத் துணியக் கட்டி, ஓசியில காட்டுனான். ஓசின்னா எங்க தெரு வுடுமா? பாயி, விசிறி, வேர்க்கடல, எல்லாத்தையும் எடுத்துக்கினு போயிட்டோம். ஆம்பளைங்க பொட்டிப் பக்கம் ஒக்காந்து பீடிய ஊதிக்கினு இருந்தாங்க. ஒரே நாத்தம். "துணிக்கு அந்தாண்ட போலாம் வாங்கடி, காத்தாட இருக்கும்"னு நாங்க பொம்பளைங்கல்லாம் அந்தப் பக்கம் போயிட்டோம். தாராளமா கால நீட்டிக்கினு பாத்தோம். படமும் பளிச்சின்னு தெரிஞ்சிது.

கதையா? கதை இன்னா கதை. பனி. பனியில சண்ட. சண்ட முடிஞ்சா மறுபடி பனி. உமாபதி மைக்கப் புடிச்சிக்கினு தமிழ்ல சொல்றான். சாவறவன் பேரச் சொல்ல மாட்டான், துப்பாக்கி பேர மட்டும் ஒழுங்கா சொல்லுவான். "தோழர்களே, இது மோசின்." நீட்டா இருக்குது, முனையில கோணி ஊசியாட்டம் ஒரு ஈட்டி. "தோழர்களே, இது மாக்சிம்." அதுக்கு ரெண்டு சக்கரம், முன்னால ஒரு இரும்புத் தகடு. ரெண்டு பேரு அத இழுத்துக்கினு ஓடறானுங்க. சுட்டுச் சுட்டு சூடாயிட்டுதுன்னு மேல மூடியத் தொறந்து பனிய அள்ளிக் கொட்டறான். அதுக்குத் தாகமாம். அப்பறம் ஒண்ணு, முதுகு மேல தோசக்கல்லப் படுக்கப் போட்டாப்ல. அதும் பேரு உமாபதிக்கே வாயில நொழையல. "தெக்... தெக்தி..."ன்னு இழுத்துப் பாத்துட்டு, "பெரிய துப்பாக்கி தோழர்களே"ன்னு முடிச்சிட்டான்.

இரும்மா, வரேன். நீ சொல்ல வரது எனக்குத் தெரியும். ஒன் பொடவையில இருக்கறதுக்குத்தான் வரேன்.

கடைசியா ஒண்ணு வந்துது. பேபேஷான்னு பேரு. பேரு எவ்ளோ அழகா இருக்குது பாரு, பொண்ணுக்கு வைக்கலாம். வயித்துக்குக் கீழ வட்டமா ஒரு டப்பா, வரதர் கோயில் இட்லிய ஒரு துண்டு போட்டு ஒட்டுனாப்ல. குண்டெல்லாம் அதுக்குள்ள சுருண்டுக்கினு இருக்குமாம். குழாய் முழுக்க ஓட்ட. வரிசையா, நீள நீளமா. டிசைனுக்குன்னு தறி மேல கோத்து மாட்டற அட்டையில ஓட்ட குத்தியிருக்குமே, அதே மாதிரி. அதப் பாத்துட்டு எங்க வூட்டுக்காரரு மயங்கிட்டாரு. "அடியே, அத செஞ்சவன் அட்ட குத்தறவனாத்தாண்டி இருக்கணும்"னு வழியெல்லாம் அதே பேச்சு. பொண்ணு பாக்க வந்தப்பகூட என்ன அப்பிடிப் பாக்கல அந்த மனுஷன்.

சரி, ஆசப்பட்டாரு, போவட்டும்னு நான் சும்மா இருந்திருக்கலாம். எங்க இருக்கறது? "எல்லாம் சரிங்க, ஆனா ருசியாக்காரன் அத்தினி பேரும் பீச்சாங்கைக்காரனா இருக்கறானே, அது எப்பிடி?"ன்னு கேட்டுட்டேன்.

நடுத்தெருவுல நின்னுட்டாரு. "இன்னா சொன்ன?"

"ஆமாங்க. பீச்சாங்கையால சுடறான். பீச்சாங்கையால குண்டு வீசறான். பெரிய அதிகாரி வந்தா பீச்சாங்கையால சலாம் வைக்கிறான். அதுகூடப் பரவால்ல, அந்தக் கையாலயே ரொட்டியும் துன்றான்."

"ஒலகத்துல எவனாச்சும் பீச்சாங்கையால சலாம் வைப்பானாடி? அவன் மேலதிகாரி ஒதைக்க மாட்டானா?"

"அந்த அதிகாரியும் பீச்சாங்கையாலதானே திருப்பி வச்சான்?"

அய்ய, நீ சிரிக்கிற. அன்னிக்கி அவரு சிரிக்கல. சோத்தாங்கைன்னாரு அவரு. பீச்சாங்கைன்னேன் நானு. நான் கண்ணால பாத்தது. நான் மட்டுமா? பக்கத்து வூட்டு அம்சவேணி பாத்தா, தெருவுல இருக்கற அத்தினி பொம்பளையும் பாத்தா. குழாயடியில போயி கேளு, எல்லாரும் பீச்சாங்கைன்னுதான் சொல்லுவாங்க. டீக்கடையில போயி கேளு, ஆம்பளைங்க எல்லாம் சோத்தாங்கைம்பாங்க. பொம்பளைங்க சொன்னா ஒத்துக்கக் கூடாதுன்னு கூடிப் பேசி வச்சிக்கினாப்ல. தெருவே ரெண்டா போச்சிம்மா. அம்சவேணி மூணு வேளையும் பழைய சோத்தப் போட்டா அவ புருஷனுக்கு.

எங்க வூட்டுல இன்னும் மோசம். "நீ ஒத்துக்கினாத்தான் நான் பேசுவேன்"னுட்டாரு. வுடுவேனா? "காமாட்சி சத்தியமா மொதல்ல நான் பேச மாட்டேன், நீங்களே வந்து பேசணும்"னு நானும் சொல்லிட்டேன். வீம்புதான். இல்லன்னு சொல்லல.

இந்தக் கூத்துக்கு நடுவுலதான் நீ வந்து மயிலுக் கரைய தனியா கோத்து நெய்யற கோர்வைப் பொடவ கேட்ட. ஒனக்குத் தெரியாது அலமு, இத்தினி வருஷமா மொதலாளிக்குத்தான் நெய்யறோம். நாங்க நெய்ஞ்சது எந்தக் கடைக்குப் போவுது, யாரு கட்டறா, ஒண்ணும் தெரியாது. வூடு தேடி வந்து எங்க கையில நேரா சொன்னது நீதான். இது நல்லா வந்துட்டா நாலு பேரு வருவாங்க, எங்க தறிக்குன்னு ஒரு பேரு வரும்னு எனக்கு அவ்ளோ ஆச.

அவரும் மயில வரைஞ்சாரு. கட்டம் போட்ட தாள்ல, நல்லாத்தான் வரைஞ்சாரு. ஆனா அதோட வுட்டாரா? என்ன மடக்கறதுக்குன்னு இன்னொரு தாள்ல அந்தப் பேபேஷாவ வரைஞ்சாரு. புடிச்சி இழுக்கற பிடி எந்தப் பக்கம் இருக்குது, எந்தக் கையால சுடணும்னு எனக்குப் பாடம் நடத்தறதுக்கு. ரெண்டு தாளையும் மாடத்துல வச்சிட்டாரு. அட்ட குத்தறவன்ட்ட கொண்டு போயி குடுக்கறது என் வேல. "இதுல எதுங்க மயிலு?"ன்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா முடிஞ்சிது. கேட்டா நான் மொதல்ல பேசுனதா ஆயிடாதா? மேல இருந்தத எடுத்துக்கினு போயிட்டேன். எனக்குப் பாத்தா மயிலாத்தான் தெரிஞ்சிது. வட்டமா வயிறு, நீட்டா கழுத்து, பின்னால அகலமா தோக.

அட்ட குத்தற சிட்டிபாபு இருக்கறானே, அவன்ட்ட பேய் படத்தக் குடுத்தாலும் குத்திடுவான். தெலுங்கு ஆளு, பாவம், நல்லவன். பாத்துட்டு "பாகுந்தி தில்லையம்மா, கொத்த மயிலு"ன்னான். நல்லா இருக்குதாம், புது மயிலாம். நானும் பெருமையா தலைய ஆட்டிட்டு வந்தேன்.

அட்டையக் கோத்து தறியில ஏத்தியாச்சி. கோர்வைக்கு ரெண்டு ஆளு வேணும் இல்ல? அவரு பொடவ ஒடம்புக்கு நூலு நாடாவப் போட்டா, பக்கத்துல ஒக்காந்து நான் கரைக்குப் போடணும். பேசாத எப்பிடி நெய்யறது? அவரு இருமுவாரு, நான் நாடாவ வுடுவேன். நான் வளையல ஆட்டுவேன், அவரு மிதிப்பாரு. ஒன் பொடவ முழுக்க இருமல்லயும் வளையல்லயும் நெய்ஞ்சதும்மா. ஆனா மனுஷன் மூஞ்சில ஒரே சந்தோஷம். பாட்டு வேற முணுமுணுக்கறாரு. எனக்கு வயிறு எரிஞ்சிது.

ஏன் சந்தோஷம்னு அப்பறம் அம்சவேணி சொல்லித்தான் தெரியும். நானே போயி துப்பாக்கிய அட்ட குத்தினு வந்தேன் இல்ல, அதனால நான் தோத்துட்டேன்னு ஒத்துக்கினதா நெனச்சிக்கினாராம். "வாயால சொல்ல வெக்கப்பட்டுக்கினு பட்டுல சொல்றாடா என் பொண்டாட்டி"ன்னு அவ புருஷன்ட்ட சொல்லி கண்ணு கலங்குனாராம்.

தறியில நெய்ய நெய்ய சுருட்டிக்கினே போறதால முழுசா தெரியல, பொடவைய அறுத்து எறக்கி மடிக்கும்போதுதான் பாத்தேன். மயிலுக்குக் காலு இல்ல. சரி, ஒக்காந்த மயிலு. கொண்டையும் இல்ல. கழுத்துல ஓட்ட. வரிசையா, நீள நீளமா. கரை முழுக்க ஒரு பட்டாளமே நிக்குது.

தெரிஞ்சேதான் ஒன் கையில குடுத்தேன். மறுபடி நெய்ய நாளு இல்ல, குடுக்கலன்னா பொண்ணு எத கட்டிக்கினு மணையில ஒக்காருவா? கண்ண மூடிக்கினு குடுத்துட்டேன். குடுத்ததுலேர்ந்து சோறு எறங்கல. ஒன்ன நெனச்சிகூட இல்ல, நீ நல்லவ. அந்தத் திருப்புட்குழி சம்பந்தியம்மாள நெனச்சித்தான். நிச்சயத் தட்டுல ஒரு வெத்தலையில காம்பு கிள்ளலன்னு மூஞ்சியத் திருப்பிக்கினு போனவங்கன்னு நீதானே சொன்ன? ஒங்க வூட்டுக் காபிய மோந்து பாத்துட்டு வச்சவங்க. அவங்க கண்ணுக்கு இது தப்புமா?

இன்னா? நான் எங்க ஒக்காந்து படம் பாத்தேனா? இப்ப அதுவா முக்கியம்? சொன்னேனே, துணிக்கு அந்தாண்டன்னு. பொட்டி இந்தாண்ட. ஆம்பளைங்க இந்தாண்ட. நாங்க அந்தாண்ட.

அதுக்கு ஏன் பொடவைய உள்பக்கம் திருப்பற? இந்தப் பக்கம் பாரு, மயிலு மூக்கு வாசலப் பாக்குது. சரி. அந்தப் பக்கம் திருப்புனா... மூக்கு அடுப்பங்கரையப் பாக்குது. ஆமா, உள்பக்கம்னா திரும்பித்தானே தெரியும். எந்தத் துணியும் பின்னாலேர்ந்து பாத்தா...

...

அடிப்பாவி.

பொழுது விடிஞ்சா துணியத் திருப்பித் திருப்பிப் பாக்கறதுதானே என் பொழப்பு? படம் காட்டுன அந்த வெள்ளத் துணி ஒண்ண மட்டும் திருப்பிப் பாக்க எனக்குத் தோணலியே. அப்ப ருசியாக்காரன் சோத்தாங்கையாலதான் சோறு துன்னானா? நான் அந்த ஊரு ஜனத்தையே ஏசிட்டேனே. அம்சவேணி புருஷன் பழைய சோறு துன்னது... அய்யோ, இத நீ வெளிய சொல்லிடாத அலமு. எனக்கு மானமே போயிடும். உள்ள இருக்கறவருக்குத் தெரிஞ்சா தெருத் தெருவா கொட்டு அடிச்சி சொல்லுவாரு.

சரி, நீ இப்ப திட்டு. நான் கேட்டுக்கறேன். வந்ததுலேர்ந்து ஒன்ன ஒரு வார்த்த பேச வுடல நானு.

இன்னா? மறுபடி சொல்லு.

இதே மயிலு போட்டு... தல தீவாளிக்கு இன்னும் ரெண்டு பொடவையா? பொண்ணோட நாத்தனாருக்கு ஒண்ணு, சம்பந்தியம்மாளுக்கு ஒண்ணா? அவங்க பாத்துட்டு, மயிலு லட்சணமா இருக்குதுன்னு சொன்னாங்களா? வெத்தலக் காம்பு அம்மாவா?

அப்ப நீ கரை மேல வெரல வச்சது... "இந்த மயிலுதான்"னு காட்டறதுக்கா?

ஏம்மா, இத வாசல்லயே சொல்றதுக்கு இன்னா? ஆமா, நான் எங்க வுட்டேன். பத்து தடவ வாயத் தொறந்த, பத்து தடவயும் நான்தான் மூடினேன். யாருக்குமே தெரியாம மயிலா இருந்தத நானே ஒக்கார வச்சி, மோரு குடுத்து, துப்பாக்கி ஆக்கிட்டேன். எங்க தறிக்கு வந்த பேர நானே வாயால ஊதிட்டேன்.

அலமு, இது மயிலும்மா. நான் சொன்னதெல்லாம் வெயில் கிறுக்கு. ஏந்திரிக்காத. அந்த நெஜ மயிலு தாளு மாடத்துலயேதான் இருக்குது, ரெண்டு பொடவைக்கும் அதையே போட்டுத் தரேன். காலு, கொண்ட, எல்லாம் வச்சி. இந்த ஒண்ண மட்டும் மன்னிச்சி... இன்னா, காதுல சொல்லணுமா? சொல்லு.

...

நாத்தனாருக்கு நெஜ மயிலு. சரி.

சம்பந்தியம்மாளுக்குத் துப்பாக்கியே இருக்கட்டுமா?

அதுவும் முந்தானையில, பெருசா, அவங்க தோள்ல போட்டா குழா நேரா அவங்க மூஞ்சியப் பாக்கற மாதிரியா? அடிப்பாவி, ஒன்னப் போயி நல்லவன்னு சொன்னேனே. போடறேன்மா, நல்லா போடறேன். பெருசா வட்ட டப்பாவோட, ஓட்ட ஓட்டையா கழுத்தோட போடறேன். கேட்டா ஒக்காந்த மயிலுன்னு சொல்லிக்கோ.

ஆனா அதுக்கு அட்டைய எந்தப் பக்கம் திருப்பிக் கோக்கணும்னு எனக்குத் தெரியாதே. அந்த நெளிவு சுளிவெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

கேட்டியா, உள்ள இருமறாரு. நாடா ஓடல, எதுக்கு இருமல்? எல்லாத்தையும் கேட்டுக்கினுதான் இருந்திருக்கறாரு. அது இருமலும் இல்ல, சிரிப்பு.

நீ ஒக்காரும்மா, தோ வந்துட்டேன். காமாட்சி, இந்த ஒரு தடவ காத மூடிக்கோ.

ஏங்க... ஒங்களத்தாங்க. ஆமா, நான்தான் பேசறேன், மொதல்ல. தோள்ல போட்டா சம்பந்தியம்மா மூஞ்சியப் பாக்கணும்னா, குழாய சோத்தாங்கைப் பக்கம் திருப்பணுமா, பீச்சாங்கைப் பக்கமா?