பீர்க்கங்கொடி பிடித்த தாழ்ப்பாள்

மொட்டைமாடியில் பீர்க்கங்காய் வளர்ப்பது பெரிய கஷ்டமில்லை, ஐயா. பழைய பெயின்ட் வாளி ஒன்று போதும். குளித்த தண்ணீரை ஊற்றலாம். கொடி தானாகவே பிடித்து ஏறும். நுனியில் சுருள் விடும், கிடைத்ததைப் பற்றிக்கொள்ளும்.

அந்த விதையை ஊன்றியது என் மனைவி. அடுத்த வாரம் காய்ச்சலென்று மருத்துவமனைக்குப் போனாள். கதவுக்கு வெளியே உட்கார்ந்து காத்திருக்கச் சொன்னார்கள். காத்திருந்தேன். அவள் திரும்பி வரவில்லை. விதை முளைத்திருந்தது.

நாங்கள் வீட்டில் எதையும் குறைவாகவே வைத்திருந்தோம். ஃபிரிட்ஜை விற்றுவிட்டோம். ஒரே விளக்கு. "எவ்வளவு போதும்னு பாரு, அதுக்கும் கொஞ்சம் கீழ நில்லு" என்பாள். முற்றிய பீர்க்கங்காயைக் காயவிட்டால் உடம்பு தேய்க்க நார் கிடைக்கும், அடுத்த வருடத்துக்கு விதையும் கிடைக்கும் என்பது அவள் திட்டம்.

குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் ஒரு மாலை மாடிக்கு வந்தார். மகளுக்குச் சொல்லாமலே மறுநாள் அவள் ஊருக்குக் கிளம்பப்போவதாகக் கட்டடம் முழுக்கச் சொல்லிவிட்டிருந்தார். தண்ணீர்த் தொட்டியின் கீழே இருக்கும் மோட்டார் அறையில், நான் செடிகளுக்குத் திருட்டுக் குழாய் போட்டிருக்கிறேனா என்று பார்க்க வேண்டுமாம். போகிற போக்கில், "ஞாயித்துக்கிழமைக்குள்ள இந்த வாளியெல்லாம் காலி பண்ணிடுங்க தம்பி" என்றார். உள்ளே போனார். காற்றில் கதவு சாத்திக்கொண்டது. தாழிடாத கதவைக் கண்டால் தாழ்ப்பாள் போடுவது என் பழக்கம். போட்டேன். கீழே வந்து தூங்கிவிட்டேன். அவள் போனதிலிருந்து எனக்கு ஞாபகம் நிற்பதில்லை, அடுப்பில் பாலை வைத்தாலும் மறந்துவிடுகிறேன்.

காலையில் போனபோது சுருள் தாழ்ப்பாளைப் பிடித்திருந்தது. பக்கத்திலேயே ஒரு பிஞ்சு. அந்தக் கொடியில் உதிராமல் நின்ற முதல் பிஞ்சு.

"தம்பி, நீங்களா? கதவத் தொறங்க."

"ராத்திரியிலிருந்தா சார் உள்ள இருக்கீங்க?"

"இல்ல, காலைல காத்து வாங்க வந்தேன். தொறய்யா மொதல்ல."

"சுருள் புடிச்சிருக்கு சார். இப்ப இழுத்தா போயிடும்."

"எது போயிடும்?"

"பிஞ்சு சார்."



"வீட்ல கத்தரிக்கோல் இல்லியா?"

"இருக்கு சார்."

 பிறகு கத்தினார். பக்கத்து மனையில் கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கிறது, கலவை இயந்திரம் ராத்திரி பகலாக ஓடும். கைப்பேசியை, தான் தனியாகக் குடியிருக்கும் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். ஒரு நிமிட வேலை என்று நினைத்திருப்பார்.

பட்டினி போட்டேன் என்று எழுதாதீர்கள். சுவரில் காற்றுக்காக விட்ட துளை வழியாகத் தக்காளி, வெண்டைக்காய், கீரை எல்லாம் கொடுத்தேன். ரசாயனம் இல்லாதவை. அவர் உடம்பைக் குறைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தாராம், குறைந்தது. போகப்போக அவருக்கே கொடிமேல் அக்கறை வந்துவிட்டது.

"காய் எவ்ளோ இருக்கு தம்பி?"

"விரல் அளவு சார்."

"உரம் போடுங்கய்யா. கஞ்சத்தனம் பண்ணாதீங்க."

உரத்துக்கு வேண்டியதை அவரே ஒரு தகர டப்பாவில் துளை வழியாக நீட்டினார். எதுவும் வீணாகக் கூடாது என்பது அவருக்கும் புரிந்திருந்தது.

ஒரு நாள் கேட்டார், "முத்திடுச்சா?"

"முத்திடுச்சு சார். இனி காயணும்."

"காயணுமா?"

"விதைக்கு சார்."

அன்று அழுதார் என்று நினைக்கிறேன். இயந்திரச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை.

அப்போதுதான் தண்ணீர்க் கஷ்டம் வந்தது. தண்ணீர் லாரிக்குச் சொல்வது செயலாளரின் வேலை. அவர் சொல்லாததால் லாரி வரவில்லை. கீழே எல்லோரும், "ஊருக்குப் போன மனுசன் லாரிக்கு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போகக் கூடாதா" என்று திட்டினார்கள். அவரிடம் சொன்னேன். ரொம்ப வருத்தப்பட்டார்.

என் பங்குக்கு ஒரு வாளி கிடைத்தது. கொடிக்கு ஊற்றினேன். மீந்ததை அவருக்குக் கொடுத்தேன். பிறகு மிஞ்சவில்லை. அவரும் கேட்பதைக் குறைத்துக்கொண்டார். முதலில் கீரை வேண்டாமென்றார். அப்புறம் பேச்சு. கடைசியில் தண்ணீரும் கேட்கவில்லை. இவ்வளவு சிக்கனத்தை அவரிடம் நான் எதிர்பார்க்கவில்லை.

சுருளைப் பிரித்து ஒரு குச்சியில் மாற்றிக் கட்டியிருக்கலாமே என்கிறீர்கள். கட்டியிருக்கலாம். மற்றக் கொடிகளுக்கு அப்படித்தான் செய்வேன். இதைத் தொடத் தோன்றவில்லை. கதவுக்கு இந்தப் பக்கம் இருப்பவன் காத்திருக்கலாமென்றால், அந்தப் பக்கம் இருப்பவரும் காத்திருக்கலாம்.

மகள் தேடிக்கொண்டு வந்தாள். நீங்களும் வந்தீர்கள். இன்னும் ஒரு வாரம் பொறுங்கள் என்று தன்மையாகத்தான் சொன்னேன். நீங்கள் ஒரே இழுப்பில் கதவைத் திறந்தீர்கள். உள்ளே அவர் இருந்த நிலையை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் காயைப் பார்த்தேன். கீழே விழுந்து, உங்கள் ஏட்டு மிதித்துப் பிளந்திருந்தது. விதைகள் வெள்ளையாகவே இருந்தன. கறுக்கவில்லை. இனி முளைக்காது.

அவரைக் கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடுகிறேன். கொடியை அறுத்தது யார் என்பதையும் அதே தாளில் எழுத வேண்டும்.